கையொப்பத்திற்குப் பேழை, முதற்பதிப்பிற்கு எடைக்கல்லா?

ஒரு நூலை விலைகொடுத்து வாங்கியவன் அதைப் படிக்கக் கூடாது. விரித்துப் பார்க்கக் கூடாது. வெயில் படாமல், விரல் படாமல், ஒளி ஊடுருவும் மெல்லுறைக்குள் இட்டுப் பேழையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இப்படியும் ஒரு நூற்பற்று உலகில் உண்டென்று சொல்லியிருந்தால் பழந்தமிழ்ப் புலவர் வயிறு குலுங்க நகைத்திருப்பர். ஆனால் அமெரிக்காவில் பெருவணிகமாய்க் கொழுத்து நிற்கும் 'கையொப்பமிட்ட முதற்பதிப்பு' வேட்கை என்பது இதுவேதான். அண்மைக்கால அமெரிக்கப் புதினங்களின் முதல் அச்சுப் படிகளை, அவையும் எழுதியவரின் கையொப்பத்தோடு கூடியவையாகத் தேடித் தேடி வாங்கிச் சேர்ப்பது! அவ்வேட்கை கடல்கடந்து இங்கும் ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கிவிட்டது. சென்னையின் மேற்குப் புறத்தே, பட்டறைப் புகை சூழ்ந்திருந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அமெரிக்க நிறுவனங்கட்காக இரவெல்லாம் கண்விழித்து உழைக்கும் இளைஞர் கூட்டம் பெருகிற்று. ஆங்கிலமே பேசி, ஆங்கிலமே படித்து, ஆங்கிலத்திலேயே கனவும் காணும் ஒரு புதுக்குடி ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையே அடுக்ககந்தோறும் குடியேறிற்று. அக்குடியின் நூற்பேழைகளுக்குள்தான் இவ்வேட்கை நுழையப் பார்க்கிறது.

இவ்வணிகத்தின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். அமெரிக்கப் பதிப்பகத்தார் பலர் உரிமைப் பக்கத்தின் அடியில் ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களை ஒரு வரிசையாய் அச்சிடுவர். மீண்டும் அச்சிடும்தோறும் அவ்வரிசையின் மிகச் சிறிய எண்ணை நீக்கிவிடுவர். 'ஒன்று' நின்றால் அது முதல் அச்சு, நூல் பொன்னாகும். 'ஒன்று' மறைந்தால் அது வெறுந்தாள். எழுத்து அதே, கதை அதே, கட்டடமும் அதே. விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமாய் வேறுபடும். அட்டையைச் சுற்றிவரும் தாளுறை கிழியாமல் இருக்க வேண்டும். அவ்வுறையின் உள்மூலையில் அச்சிட்ட விலை கத்தரிக்கப்படாமல் இருக்க வேண்டும். முன்னர் வைத்திருந்தவர் தம் பெயரை எழுதிவிட்டிருந்தால் அதுவும் குறை!

பிட்செரால்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1925ஆம் ஆண்டில் 'தி கிரேட்டு கேட்சுபி' என்னும் புதினத்தை வெளியிட்டார். முதல் அச்சு 20,870 படிகள். ஒரு படியின் விலை 2 தாலர். அதன் மேலுறையின் பின்புறத்தே கதைத்தலைவன் பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தாக அமையாமல் சிறிய எழுத்தாக அச்சாகிவிட, பதிப்பகத்தார் அதனைக் கையாலேயே திருத்தி அனுப்பினர். அப்பிழையும் திருத்தமும் உள்ள உறையோடு கிடைக்கும் படிக்கு ஒரு நூறாயிரம் தாலருக்கு மேலும் விலை தரப்பட்டிருக்கிறது. உறை இல்லையேல் அதில் ஒரு சிறு பங்குதான். எனவே அங்கு விற்பது கதையன்று. கதையைச் சுற்றிய தாளும், தாளில் நேர்ந்த பிழையுமே. அப்புதினத்தை எழுதியவர் 1940ஆம் ஆண்டில் மறைந்தபோது அதன் இரண்டாம் அச்சுப் படிகள் விற்பனையாகாமல் பதிப்பகத்தின் கிடங்கில் தூசு படிந்து கிடந்தன. எழுத்தாளன் உயிரோடிருந்தபோது இரண்டு தாலர் கொடுக்க ஆளில்லை. அவன் எலும்பாகியபின் உறைக்குப் போட்டி!

கையொப்பத்தின் கதை இதனினும் சுவையானது. பெயரை மட்டும் எழுதிய படிக்கு ஒரு விலை. 'இன்னாருக்கு அன்புடன்' என்று எழுதிய படிக்கு, அந்த இன்னார் புகழ் பெறாதவராயின், அதனினும் தாழ்ந்த விலை. அன்பு சேர்ந்தால் விலை குறையும் வணிகம் உலகிலேயே இஃது ஒன்றுதான் போலும்! பல பதிப்பகத்தார் வெற்றுத்தாள்களைக் கட்டுக்கட்டாக எழுத்தாளரின் வீட்டுக்கு அனுப்பிவைப்பர். அவர் கைவலிக்கக் கையொப்பமிட்டுத் திருப்புவார். பின்னர் அத்தாள்களை ஒவ்வொரு படியிலும் வைத்துத் தைத்துவிடுவர். கையொப்பமிட்டவர் அந்நூற்படியைக் கண்ணாலும் கண்டிரார். வாங்கியவரோ அவர் கைபட்ட நூலென்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கார்மாக்கு மெக்கார்த்தி என்னும் புகழ்பெற்ற புதின எழுத்தாளர் 2006ஆம் ஆண்டில் 'தி ரோடு' என்னும் நூலை வெளியிட்டார். அதில் தாம் கையொப்பமிட்ட படிகள் 250 என்றும், அவையனைத்தும் தம் மகனுக்கே உரியவை, அவன் வளர்ந்தபின் விற்றுக்கொள்ளட்டும் என்றும் 2009ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தம் கையொப்பம் என்பது மகனுக்கு வைத்துப்போகும் பணமுடிப்பு என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஐயமெல்லாம் இங்குள்ள அடியார்க்கே! பாடகர் பாபு தைலன் செய்தி இன்னும் வெட்கக்கேடானது. 2016ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற இவர் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடலாய்வு நூலில் 900 படிகளைக் 'கைப்படக் கையொப்பமிட்டவை' என்று பறைசாற்றிப் படி ஒன்று 599 தாலர் வீதம் அவருடைய பதிப்பகம் விற்றது. வாங்கியவர்கள் தத்தம் படிகளின் படங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது கோடும் வளைவும் மயிரிழையும் மாறாதிருக்கக் கண்டனர். கையொப்பமிட்டது கையன்று, பொறி! பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. தைலனும் பொறுத்தருளக் கேட்டார். பொறி வரைந்த கோட்டுக்கும் விரல் வரைந்த கோட்டுக்கும் வேறுபாடு காண முடியாத நிலையில்தான் இப்பெருவணிகம் நிற்கிறது.

"அவரவர் பணம், அவரவர் விருப்பம், பிறர்க்கு இதில் என்ன?" என்று கேட்பர். கேட்கட்டும். இவ்வழக்குப் பணத்தைப் பற்றியதன்று. நகை வாங்குகிறான், நாய் வாங்குகிறான், நாலு வண்டி வாங்குகிறான். அவற்றையெல்லாம் இவ்விதழ் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இங்கு வழக்குக் கண்ணைப் பற்றியது. முதற்பதிப்பு எது, மறுபதிப்பு எது, முகப்புத்தாளில் எது மாறிற்று, எந்த எழுத்துத் திருத்தப்பட்டது என்று கூர்ந்து நோக்கும் கண் தமிழ்நாட்டில் மிக மிக அரிது. பெரும்பாலான தமிழர்க்கு நூல் என்றால் நூல்தான். 1894ஆம் ஆண்டில் அச்சேறிய புறநானூறும், சென்ற ஆண்டு அச்சான புறநானூறும் அவர்கட்கு ஒன்றே. பழையது மங்கலாயிருக்கிறது, புதியது வெளுப்பாயிருக்கிறது என்பதற்குமேல் வேறுபாடு தெரியாது. அக்கூர்ங்கண் வாய்க்கப் பெற்ற ஒருசிலரும் அதனை மேற்கு நோக்கியே திருப்பி வைத்துக்கொண்டார்களே என்பதுதான் குற்றச்சாட்டு. கேட்சுபியின் உறையில் எந்த எழுத்துப் பிழையென்று இரவில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவரை, திருக்குறள் முதன்முதலில் அச்சேறிய ஆண்டு எது என்று கேட்டுப் பாருங்கள். 1812 என்னும் விடை வாராது. கலித்தொகையை ஏட்டிலிருந்து மீட்டு 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரனாரின் பெயரே அவர் செவியில் விழுந்திராது. புதினம்தான் வேண்டுமென்றால் தமிழின் முதற் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879ஆம் ஆண்டில் வெளிவந்தது. (தலைப்பில் வடசொல் வாடை வீசுகிறது, மறுப்பதற்கில்லை. அவ்வாடை அக்காலத்தில் எத்துணைக் கடுமையாக இருந்தது என்பதற்கு அத்தலைப்பே சான்று.) அம்முதற்பதிப்பின் படி ஒன்றைக் கண்ணால் காண வேண்டுமென்று ஏங்கியவர் அம்பத்தூரில் எத்தனை பேர்?

அம்பத்தூரைச் சொல்லும்போது அதனை அடுத்துள்ள முகப்பேரைச் சொல்லாமல் இருக்க முடியாது. மகப்பேறு என்னும் பெயரே முகப்பேர் எனத் திரிந்தது என்பர். அம்முகப்பேரில்தான் தமிழ் நூல்களுக்கு ஒரு மறுபிறப்பு நேர்ந்தது. அதன் வரலாற்றை ஒவ்வொரு தமிழனும் தலைகுனிந்தே கேட்டல் வேண்டும்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் முத்தையா என்பார் ஒருவர் வாழ்ந்தார். ரோசா முத்தையா என்பது ஊரறிந்த பெயர். பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். பெரும்பட்டம் பெற்றவரல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். அவர் பழந்தமிழ் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூல் மட்டுமா? கிழமையிதழ், திங்களிதழ், நாடகத் துண்டறிக்கை, திருமண அழைப்பிதழ், பாட்டுச் சுவடி என்று பிறர் குப்பையென எறிந்தவற்றையெல்லாம் வாரியெடுத்தார். கறையானோடும் நூற்பூச்சியோடும் ஈரக்காற்றோடும் தனியொருவராய்ப் போரிட்டார். ஆய்வாளர் வந்து கேட்டால் வேண்டியதை எடுத்துக் கொடுத்தார். 1992ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது அவ்வீட்டில் இருந்தவை ஏறத்தாழ ஒரு நூறாயிரம் உருப்படிகள்!

அக்கருவூலத்தை வாங்கியவர் யார்? தஞ்சையில் தமிழின் பெயராலேயே 1981ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் இருந்தது, அது வாங்கவில்லை. தமிழ் தமிழ் என்று மேடையில் முழங்கிக் கோடியில் புரண்டவர் எத்தனையோ பேர், அவர்களும் வாங்கவில்லை. 1994ஆம் ஆண்டில், திருவள்ளுவர் ஆண்டு 2025இல், பல்லாயிரங்கல் தொலைவிலுள்ள அமெரிக்க நாட்டுச் சிக்காகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. வாங்கியும் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. தமிழ் நூல் தமிழ் மண்ணிலேயே இருக்கட்டும் என்று சென்னைக்குக் கொணர்ந்து, முகப்பேரில் ஒரு நூலகம் நிறுவி, நூல்களைத் தூய்மைப்படுத்தி, பட்டியலிட்டு, நுண்படச் சுருளில் பதிவு செய்ய வழிவகுத்தது. அந்நூலகம் பின்னர்த் தரமணிக்குச் சென்று இன்றும் நற்றொண்டாற்றி வருகிறது. சிக்காகோவிற்கு நன்றி சொல்லுதல் கடன். அந்நன்றியைச் சொல்லும் வாய் கசக்கவில்லையென்றால் அது தமிழன் வாயன்று.

இங்கேதான் கணக்கை நேர்செய்து பார்த்தல் வேண்டும். அமெரிக்கப் புதினத்தின் கையொப்பமிட்ட படி ஒன்று அம்பத்தூர் அடுக்ககத்துக்கு வானூர்தியில் வந்திறங்குகிறது. அதே அம்பத்தூரின் அயலில், தமிழரின் நூறாயிரம் உருப்படிகளை ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கூரையிட்டுக் காத்தது. அவர்கள் தமிழ் நூலை வாங்கியது படிப்பதற்கு. இவர்கள் அமெரிக்க நூலை வாங்குவது பூட்டுவதற்கு. எவன் நூலை எவன் மதிக்கிறான்?

இது 1994ஆம் ஆண்டில் தொடங்கிய கதையுமன்று. தமிழ் எழுத்தில் இம்மண்ணில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிற்று. பதினாறே பக்கம். இன்று உலகில் அறியப்பட்ட அதன் ஒரே படி அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. முதற்பதிப்பு என்று மார்தட்டுவோர்க்கு இதனினும் பெரிய முதற்பதிப்பு எது? ஆங்கிலேயர் 1867ஆம் ஆண்டில் இயற்றிய அச்சகச் சட்டத்தின்படி இங்கு அச்சாகும் நூல்கள் பதியப்பட்டு, தெரிந்தெடுத்த படிகள் இலண்டனுக்குச் சென்றன. பின்னர் அமெரிக்கா தன் மிகுதிக் கோதுமையை இந்தியாவிற்கு விற்று, விலையை உருபாவாகவே பெற்று, அவ்வுருபாவில் ஒரு பகுதியைக் கொண்டு 1962ஆம் ஆண்டு முதல் இந்திய மொழி நூல்களைத் தமிழும் உட்பட வாங்கித் தன் பல்கலைக்கழகங்கட்கு ஏற்றுமதி செய்துகொண்டது. கூப்பன் கடையில் வரிசையில் நின்று வாங்கித் தின்ற கோதுமையின் விலை, தமிழ் நூலாகிக் கப்பலேறிற்று. வெள்ளையன் எடுத்துப் போனான் என்று புலம்புவதில் பொருளில்லை. விலைகொடுத்து எடுத்துப்போனான்; போற்றி வைத்திருக்கிறான். இங்கே வைத்துவிட்டுப் போனவற்றின் நிலை என்ன என்பதுதான் கேள்வி.

முதற்பதிப்பு என்பது அமெரிக்கனுக்கு ஒரு விலைப்பொருள். தமிழனுக்கோ அது வழக்குமன்றத்துச் சான்று. இவ்வேறுபாட்டைத் தனித்தமிழ் அன்பர்களே இன்னும் முழுதும் உணர்ந்தாரில்லை.

தனித்தமிழியக்கத்தின் தந்தை மறைமலையடிகளை எண்ணுக. 1876ஆம் ஆண்டில் பிறந்து 1950ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமகனார் 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டார். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியும் பட்டினப்பாலை ஆராய்ச்சியும் அதற்கு முன்னரே வெளிவந்துவிட்டன. அவற்றின் முகப்புத்தாளில் இருந்த பெயர் வேதாசலம், மறைமலையன்று. அவர் 1902ஆம் ஆண்டில் தொடங்கிய இதழின் பெயர் ஞானசாகரம். பின்னரே அஃது அறிவுக்கடலாயிற்று. அடிகள் தம் பழைய நூல்களை மீண்டும் பதிப்பித்தபோது அவற்றிலிருந்த வடசொற்களைக் களைந்து தென்சொற்களைப் பெய்து திருத்தினார். தம் எழுத்தையே தாம் களையெடுத்த அச்செயல்தான் தனித்தமிழியக்கத்தின் உயிர்ச்செயல். அதற்குச் சான்று எங்கே? முதற்பதிப்பையும் திருத்திய பதிப்பையும் அருகருகே விரித்துவைத்து, இவ்வரியில் இச்சொல் இருந்தது, அதனிடத்தில் இச்சொல் வந்தது என்று காட்டினாலன்றி வேறெங்கே காட்டமுடியும்? இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் திருத்தியவற்றின் வழிவந்தவையே. முதற்பதிப்பு அழிந்துவிட்டால், அடிகள் பிறந்தது முதலே தனித்தமிழில்தான் எழுதினார் என்று ஒருவன் சொல்வான். அவர் எதையும் மாற்றவேயில்லை, இவையெல்லாம் பின்னோர் கைவேலை என்று மற்றொருவன் சொல்வான். இருவரையும் மறுக்க ஒரு துண்டுத் தாளும் கையிலிராது.

சூரியநாராயண சாத்திரியார் என்னும் பேராசிரியர் பரிதிமாற்கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டது 'தனிப்பாசுரத்தொகை' என்னும் நூலை வெளியிட்டபோது. 1903ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட அவரை இன்று தெருவுக்குத் தெரு அத்தமிழ்ப்பெயராலேயே போற்றுகின்றனர். அப்பெயர் தாங்கி வந்த அந்நூலின் பழம்படியைப் பார்த்தவர் எத்தனை பேர்? பாவாணர் 1966ஆம் ஆண்டில் காட்பாடியிலிருந்து வெளியிட்ட, தமிழே உலக முதற்செம்மொழி என நாட்டும் ஆங்கில நூலின் அப்பதிப்பு எத்தனை வீட்டில் இருக்கிறது? பாவேந்தரின் முதற்பாடல் தொகுதி 1938ஆம் ஆண்டில் வந்ததே, அது? நாட்டுடைமையாக்கிவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அமைதி கொள்கின்றனர். அச்சிடுகிறவர்கள் என்ன செய்கின்றனர்? முன்னுரையைத் தாள்மிச்சத்திற்காக வெட்டுகின்றனர். முதற்பதிப்பின் ஆண்டைக் குறிப்பதில்லை. ஆசிரியன் 'திங்கள்' என்று எழுதியிருந்தால் 'மாதம்' என்று திருத்திப் படிப்போர்க்கு எளிமை செய்துவிட்டதாக இறும்பூது எய்துகின்றனர். எளிமையாம்! கள்ளன் பூட்டை உடைத்துவிட்டுக் கதவை எளிதாக்கினேன் என்பது போல!

ஆவடியின் பெயருக்கு நேர்ந்ததும் இதுவே. ஆவடி என்பது ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயராம். கவச ஊர்திகளும் வெடிபொருளும் வைக்கும் கிடங்கு என்பது அதன் விரிவாம்! பள்ளிப்பிள்ளைகள் வரை இக்கதை பரவிக் கிடக்கிறது. பீரங்கி வண்டித் தொழிற்சாலை அங்கு வந்தது 1961ஆம் ஆண்டில். அதற்கு முன்னரே 1955ஆம் ஆண்டில் அங்கு நடந்த பேராயக் கட்சி மாநாட்டை 'ஆவடி மாநாடு' என்றே உலகம் அழைத்தது. அதற்கும் முந்திய படைக்கிடங்கைச் சுட்டி இப்பெயர் அதனின்று பிறந்தது என்று வாதிடுவாரும் உளர். அவர்க்கு விடை, உலகப் போருக்கு முந்திய தொடர்வண்டிக் கால அட்டவணை ஒன்றே. ஊர் தன் தமிழ்ப் பெயரோடு அதில் நிற்கும். அதனை எடுத்து மூஞ்சிக்கு நேரே நீட்டினால் கதை அந்நொடியே சாகும். அத்தகைய தாளைத்தான் கோட்டையூர் முத்தையா பொறுக்கிச் சேர்த்தார். அத்தகைய தாளைத்தான் ஆவடி வீட்டுக்காரர் பொங்கலுக்கு முந்திய நாள் போகித்தீயில் போட்டுக் குளிர்காய்கிறார்.

இனித் தனித்தமிழ் அன்பர் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தல் வேண்டும். அயலானை மட்டும் ஏசிவிட்டு அமைதல் நேர்மையன்று. தந்தை 1959ஆம் ஆண்டில் தொடங்கிய தென்மொழியை முதலிதழ் தொட்டுக் கட்டிக் கட்டி அடுக்கி வைத்திருப்பார். உண்ணாமல் மிச்சம் பிடித்துக் கையொப்பத் தொகை கட்டியிருப்பார். மாநாட்டு மலர், போராட்டத் துண்டறிக்கை, சிறையிலிருந்து வந்த மடல் என்று அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கும். அவர் கண்மூடிய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன், "இந்தக் குப்பையெல்லாம் இடத்தை அடைக்கிறது" என்பான். மருமகள் கரப்பான் பூச்சியைக் காட்டுவாள். மூன்று சக்கர வண்டிக்காரர் நிறைகோலோடு வருவார். தந்தையின் நாற்பதாண்டுப் போராட்டம் எடைக்கல்லில் ஏறும். அம்மகனுக்கு இனியன் என்றோ வேந்தன் என்றோ அத்தந்தைதான் தூய தமிழ்ப் பெயர் வைத்திருப்பார்!

1981ஆம் ஆண்டு மே இறுதி நாளிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைச் சிங்கள வெறியர் கொளுத்தினர். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அன்று குமுறாத தமிழ்நெஞ்சமில்லை. ஆண்டுதோறும் அந்நாளை நினைந்து கண்ணீர் விடுவதும் உண்டு. அப்பகைவன் தீக்குச்சியோடு வந்தான். இங்கே பகைவன் வரவேண்டியதில்லை. கறையானும், கூரை ஒழுக்கும், பழைய தாள் கடையும் போதும்.

கையொப்பம் பற்றி ஒன்று எஞ்சி நிற்கிறது. அமெரிக்க எழுத்தாளனின் கையொப்பத்துக்குப் பல்லாயிரம் உருபா கொடுப்பவர், தம் கையொப்பத்தை எம்மொழியில் இடுகிறார்? ஆங்கிலத்தில்! வைப்பகத்தில், பள்ளியில், பத்திரப் பதிவில், வந்த அஞ்சலைப் பெற்றுக்கொள்வதில் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கல். அரசுப் பணியாளர் தமிழிலேயே கையொப்பமிடல் வேண்டும் என்று அரசாணை உண்டு. அதனைப் பின்பற்றாத அலுவலர் இன்னும் எத்தனையோ பேர். தன் பெயரைத் தன் எழுத்தில் எழுத நாணுகிறவன் அயலான் பெயரை அயல் எழுத்தில் கண்டு மெய்சிலிர்க்கிறான். நோய் ஒன்றே, காட்டும் குறிதான் இரண்டு. கையெழுத்துக்கு மதிப்பு வேண்டுமென்றால் அதுவும் இங்கே உண்டு. மறைமலையடிகள் பல்லாவரத்தில் இருந்தபோது பல்லாண்டு தேடிச் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்களை மக்கட்குப் பயன்படுமாறு விட்டுச் சென்றார். 1958ஆம் ஆண்டில் சென்னை இலிங்கிச் செட்டித் தெருவில் அவர் பெயராலேயே கழகத்தார் நூல்நிலையம் திறந்தனர். பின்னாளில் அது கன்னிமரா நூலகக் கட்டடத்திற்குச் சென்றது. அந்நூல்களில் அடிகள் படித்துக் கோடிட்ட வரிகளும், ஓரத்தில் கைப்பட எழுதிய குறிப்புகளும் உண்டு. அது படித்த கையின் எழுத்து; விற்ற கையின் எழுத்தன்று. அதைக் காண நுழைவுக் கட்டணமில்லை. வானூர்தியும் ஏற வேண்டியதில்லை. அம்பத்தூரிலிருந்து ஒரு பேருந்துச் செலவு.

முதற்பதிப்பு வேட்கையை ஒழித்துவிடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. அதற்குரிய பயிற்சி அம்பத்தூர் இளைஞரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனைத் தமிழுக்குத் திருப்ப வேண்டியதே குறை. தாத்தா வீட்டுப் பரணையை இறக்குக. முகப்புத்தாளைப் பார்க்க, அச்சகத்தின் பெயர், ஊர், ஆண்டு, படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு சுவடியில் குறிக்க. பழைய நூல்கள் சிலவற்றில் ஆண்டின் பெயர் மட்டுமே சமற்கிருத அறுபதாண்டுச் சுழற்சியில் இருக்கும். அதனை எண்ணாண்டாக மாற்றி அருகில் எழுதுக. ஒட்டுநாடாவை நூலின்மீது ஒட்டாதிருக்க. சில்லாண்டில் அது தாளைப் பழுப்பாக்கி எழுத்தை உரித்துவிடும். நெகிழிப் பைக்குள் இறுக்கிக் கட்டாதிருக்க. ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பற்றும். வைத்துக்கொள்ள இயலாதெனில் தரமணி நூலகத்தையோ, அடிகள் நூல்நிலையத்தையோ, அருகிலுள்ள தமிழ்க் கல்லூரியையோ கேட்டுவிட்டு மறுவேலை பார்க்க. ஒரு கையொப்பப் படியின் விலையில் தமிழின் நூறு பழம்படிகளுக்கு மின்படி எடுத்துவிடலாம். எடுத்ததைப் பூட்டி வைக்காமல் எல்லார்க்கும் பொதுவாக்கலாம்.

பரணையே இல்லாத அடுக்ககத்தார்க்கு வேறு வழியுண்டு. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இருபுறத்திலும், ஆவடித் தொடர்வண்டி நிலையத்தின் பின்தெருக்களிலும், அம்பத்தூர்ப் பழைய நகரிலும் பழைய தாள் கடைகள் இருக்கின்றன. கிழமை முழுவதும் வீடுவீடாய்ச் சென்று சேர்த்த கட்டுகளை ஆலைக்கு வண்டியேற்றுமுன் அங்குதான் பிரித்து அடுக்குவர். முதலட்டை இல்லாத தடித்த நூல்களைக் குறிப்பாகப் புரட்டிப் பார்க்க. அக்கடைகளுள் பல ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும்.